கேமரன் மலையில் ஒரு புல்வெட்டுக் கணக்கு

கேமரன் மலைக்குப் போய்விட்டு வந்த யாரைக் கேட்டாலும் நான்கு விஷயம் சொல்வார்கள். குளிர், ஸ்ட்ராபெரி, சாலை நெரிசல், தேயிலைத் தோட்டம். அந்த நான்காவதைச் சொல்லும்போது மட்டும் பெரும்பாலும் ஒரே உவமைதான் வரும்: “மலை முழுக்கப் பச்சைக் கம்பளம் விரிச்ச மாதிரி!” இன்னும் சிலர், “யாரோ மலையையே மெஷின் போட்டு வெட்டிவிட்ட மாதிரி” என்பார்கள்.

இரண்டாவது உவமைதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. தேயிலை இயல்பில் மரம். வெட்டாமல் விட்டால் நம் மாடி வீட்டின் கூரையைத் தாண்டி வளரும். அதை ஆண்டுக்கணக்காக வெட்டி வெட்டி, ஒரு பெண் நின்றபடி கை வைக்கும் உயரத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். நாம் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளும் அந்தச் சமமான பச்சை, விடாமல் செய்யப்படும் ஒரு வேலை. வேலை நின்றால் சில ஆண்டுகளில் அங்கே இருப்பது காடுதான்.

இதை நான் யோசிக்க ஆரம்பித்ததற்குக் காரணம் ஒரு தொலைபேசி அழைப்பு. எங்கள் வானொலிக் காலை நிகழ்ச்சியில் நேயர்களிடம் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டிருந்தோம். வீட்டு வாசலில் இருக்கும் புல்லை நீங்களே வெட்டுவீர்களா, ஆள் வைத்து வெட்டுவீர்களா? அழைப்புகள் குவிந்தன. “நானே வெட்டுறேன், அதுதான் எனக்கு ஜிம்மு” என்றார் ஒருவர். “வாரத்துல ஒருநாள்தான் லீவு, அதையும் புல்லுக்குக் குடுக்கணுமா?” என்றார் இன்னொருவர். கடைசியில் ஒரு பாட்டி பேசினார். “தோட்டத்துல முப்பது வருஷம் புல்லு வெட்டுனேன் தம்பி. இப்ப மவன் வீட்டுப் புல்ல வெட்ட வேற ஊருலேருந்து ஆளு வருது. அந்தப் பையனுக்குத் தண்ணி கலக்கிக் குடுக்கறதுதான் இப்ப எனக்கு வேலை” என்று சொல்லிச் சிரித்தார்.

அடுத்த பொது விடுமுறைக்குக் குடும்பத்தோடு கேமரன் மலை ஏறியபோது, இந்தக் கேள்வியும் எங்களோடு காரில் வந்தது.

மலை ஏறும் வழி

கேமரன் மலைக்கு இரண்டு முக்கிய வழிகள். ஈப்போவுக்குப் பக்கத்தில் சிம்பாங் பூலாயிலிருந்து ஏறுவது அகலமான புதிய சாலை. தாப்பாவிலிருந்து ஏறுவது பழைய சாலை. பழையதில் தானா ராத்தா வரை சுமார் 60 கிலோமீட்டர்தான். ஆனால் வளைவுக்கு மேல் வளைவு. பின் இருக்கையில் பிள்ளைகள் இருந்தால் எலுமிச்சைப் பழமும் பிளாஸ்டிக் பையும் கையில் இருக்கட்டும். நாங்கள் பழைய வழியிலேயே போனோம். லாத்தா இஸ்கந்தார் நீர்வீழ்ச்சியில் கால் நனைத்து, சாலையோரத்தில் பூர்வக்குடியினர் விற்கும் பெத்தாயும் தேனும் வாங்கிக்கொண்டு மெதுவாக ஏறலாம்.

நில அளவையாளர் வில்லியம் கேமரன் இந்த மேட்டு நிலத்தைப் பற்றிப் பதிவு செய்தது 1885-இல். அவர் பெயர்தான் மலைக்கு நின்றது. ஆனால் தாப்பா சாலை திறந்தது 1931-இல்தான். கண்டுபிடித்ததற்கும் கார் ஏறியதற்கும் நடுவில் கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. சாலை வந்த பிறகே மலைவாசத்தலம் என்ற எண்ணத்துக்கு உயிர் வந்தது. வெயிலில் வெந்துகொண்டிருந்த வெள்ளைக்காரத் துரைமார்களுக்கு, தங்கள் ஊர்க் குளிரைக் கொடுக்க ஓர் இடம் கிடைத்தது.

ரிங்லெட் தாண்டியதும் காற்று மாறிவிடும். ஹாபு, தானா ராத்தா, அதற்கு மேல் பிரிஞ்சாங் என்று ஊர்கள் ஒவ்வொன்றாக உயரும். பகலில்கூட வெயில் 25 பாகையைத் தாண்டுவது அரிது. காரின் குளிர்சாதனத்தை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கிவிடுங்கள். மண்ணும் உரமும் கலந்த காய்கறித் தோட்ட வாசனை முதலில் வரும், தேயிலை அதற்குப் பிறகுதான்.

துரைமார் கொண்டுவந்த புல்

தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்குக்கும் நடுவில், சாலையோரமாகவே பள்ளத்தாக்கில் ஒரு கோல்ஃப் திடல் விரிந்திருக்கும். அதன் எதிரில் ஸ்மோக்ஹவுஸ் என்ற பழைய விடுதி. 1937-இல் கட்டியது. கறுப்பு மரச்சட்டமும் வெள்ளைச் சுவரும் பூந்தோட்டமுமாக, இங்கிலாந்துக் கிராமம் ஒன்றை வெட்டி எடுத்துவந்து வைத்தது போலிருக்கும்.

அந்த ஊர்க்காரர்களுக்குப் புல்வெளி என்பது வெறும் புல் அல்ல, அந்தஸ்து. மெஷின் இல்லாத காலத்தில் பெரிய மாளிகைகளின் புல்லை ஆட்கள் வரிசையாக நின்று நீண்ட அரிவாளை வீசித்தான் வெட்டினார்கள். மாடு மேய்க்காமல், நெல் விதைக்காமல், இவ்வளவு நிலத்தைச் சும்மா பச்சையாக வைத்துக்கொள்ள எனக்கு வசதி இருக்கிறது, வெட்டுவதற்கு ஆளும் இருக்கிறது என்று ஊருக்குச் சொல்லும் வழி அது. 1830-இல் எட்வின் பட்டிங் என்ற இங்கிலாந்துக்காரர் புல்வெட்டும் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். துணி ஆலையில் கம்பளித் துணியின் மேல் நிற்கும் பிசிறுகளைச் சீவும் உருளைக் கத்தியைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. அதன் பிறகு நடுத்தரக் குடும்பமும் தன் வாசல் புல்லைத் தானே வெட்ட முடிந்தது. இன்று நீங்களும் நானும் யோசிக்கும் “நானா, ஆளா?” என்ற கேள்வியே அந்த மெஷினோடு பிறந்ததுதான்.

புல்வெளி ஆசை கப்பலேறி மலாயாவுக்கு வந்தபோது, ஒரு விஷயத்தைக் கவனிக்காமல் வந்துவிட்டது. அவர்கள் ஊரில் குளிர்காலத்தில் புல் தூங்கிவிடும். இங்கே அதற்குத் தூக்கமே கிடையாது. மழையும் வெயிலும் மாறி மாறி அடிக்கும் நாட்டில், இன்று வெட்டிய புல் இரண்டு வாரத்தில் கணுக்காலைத் தொடும். ஆகவே இங்கே புல்வெளி வைத்திருப்பது என்றால் வருடம் முழுக்க ஒருவர் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். துரைமார் பங்களாக்களில் அந்த வேலையைச் செய்தவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள். அந்தப் புல்லில் அமர்ந்து தேநீர் குடித்தவர்கள் வேறு.

வெட்டினது வேணும், நிக்கறதும் வேணும்

பிரிஞ்சாங்கைத் தாண்டி சுங்கை பாலாஸ் தோட்டத்துக்குத் திரும்பும் சாலை மிகக் குறுகல். எதிரில் ஒரு வேன் வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டும். விடுமுறை நாளில் காலை ஒன்பது மணிக்குள் போய்விடுவது நல்லது. திங்கட்கிழமைகளில் பார்வையாளர் மையம் பெரும்பாலும் மூடியிருக்கும், பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். மலைச்சரிவுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த மையத்தின் தளத்தில் நின்றால், கண்ணுக்கு எட்டிய வரை தேயிலைதான்.

இந்தத் தோட்டங்களின் கதை 1929-இல் தொடங்குகிறது. ஜே. ஏ. ரஸல் என்பவர், இலங்கையில் தேயிலை அனுபவம் பெற்ற ஏ. பி. மில்ன் என்பவரைச் சேர்த்துக்கொண்டு ‘போ’ நிறுவனத்தைத் தொடங்கினார். முதல் தோட்டம் ஹாபுவில். நான்கு ஆண்டுகள் கழித்து, 1933-இல், வட இந்தியாவிலிருந்து வந்த அகர்வால் குடும்பம் பாரத் தேயிலையைத் தொடங்கியது. ரிங்லெட்டிலிருந்து தானா ராத்தா போகும் வழியில் நாம் கார் நிறுத்திப் படம் எடுக்கும் கேமரன் வேலி அவர்களுடையதுதான்.

முதலாளிகள் பெயர் வரலாற்றில் இருக்கிறது. காடு அழித்து, சரிவில் கன்று நட்டவர்கள் பெயர் இல்லை. கங்காணிமார் வழியாகவும் தனியாகவும் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி மலாயாவுக்கு வந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும்தான் அவர்களில் பெரும்பகுதி. உடலுழைப்புத் தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்புவதை இந்தியா 1938-இல் நிறுத்தியது. அதற்குள் மலையில் லயன்கள் எழும்பியிருந்தன, கோயில்கள் வந்திருந்தன. இன்றும் ரிங்லெட்டிலும் தானா ராத்தாவிலும் தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன என்றால் அதற்கு வேர் அந்த லயன்களில் இருக்கிறது.

தளத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது, கீழே ஒரு வரிசையில் இரண்டு பேர் ஒரு மெஷினை இரு பக்கமும் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். மெஷினுக்குப் பின்னால் ஒரு நீளமான பை. செடியின் மேல்மட்டத்தைக் கத்தி சீவ, காற்று அந்தக் கொழுந்துகளைப் பைக்குள் தள்ளுகிறது. என் மகள் சொன்னாள், “அப்பா, நம்ம வீட்டுப் புல்லு மெஷின் மாதிரியே இருக்கு!”

மாதிரிதான். சரிவு குறைந்த இடங்களில் சக்கரம் வைத்த மெஷினே ஓடுகிறது. கொஞ்சம் சரிவென்றால் இருவர் பிடிக்கும் மெஷின். அதற்கும் முன்னால், பெட்டி பொருத்திய பெரிய கத்தரிக்கோல். கால் வழுக்கும் செங்குத்துச் சரிவில் மட்டும் இன்னும் கையால் பறிக்கிறார்கள். ஏறக்குறைய மூன்று வாரத்துக்கு ஒருமுறை அதே செடிக்குத் திரும்பி வருகிறார்கள்.

கை பறிப்புக்கும் மெஷினுக்கும் வித்தியாசம் வேகம் மட்டுமல்ல. இரண்டு இலையும் ஒரு மொட்டும் எது என்று கைக்குத் தெரியும். மெஷினுக்கு உயரம் மட்டும்தான் தெரியும். முற்றிய இலையும் காம்பும் சேர்ந்தே பைக்குள் போகும். 5 கிலோ பச்சைக் கொழுந்து காய்ந்து, உருண்டு, புளித்து, கடைசியில் 1 கிலோ தேயிலையாகும். நம் கோப்பையில் முக்கும் ஒரு தேநீர்ப் பையில் 2 கிராம் இருந்தால், அதற்கு 10 கிராம் கொழுந்தை யாரோ வெட்டியிருக்கிறார்கள்.

மாலையில் தானா ராத்தாவில் ஒரு ரொட்டிச் சானாய் கடையில் பக்கத்து மேசைப் பெரியவரோடு பேச்சுக் கொடுத்தேன். தோட்டத்திலேயே பிறந்து, தோட்டத்திலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

“புல்லு வெட்டறதும் கொழுந்து வெட்டறதும் ஒண்ணுதானாங்கய்யா?” என்று கேட்டேன்.

“எப்படித் தம்பி ஒண்ணாவும்?” என்றார். “புல்லு வெட்டறவன் வெட்டினதைக் குப்பையில போட்டுருவான். நிக்கறது அழகா இருந்தாப் போதும். எங்களுக்கு வெட்டினதும் வேணும், நிக்கறதும் வேணும். ஆசைப்பட்டுக் கீழ எறங்கி வெட்டினா இன்னிக்கு எடை நெறைய வரும். அடுத்த ரவுண்டுக்குச் செடி முளைக்காது.”

இலங்கை மலையகத்தில் இதற்காகவே ‘மட்டக்கம்பு’ என்று ஒன்று வைத்திருப்பார்கள். செடியின் மேல் கிடத்தி, அந்த மட்டத்துக்கு மேல் எட்டிப் பார்க்கும் கொழுந்தை மட்டும் பறிப்பதற்கு ஒரு சாதாரணக் குச்சி. மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை கவ்வாத்து. செடியை வெறும் கிளையாக நிற்கும்படி வெட்டிவிடுவார்கள். வெட்டிய கிளைகளை அள்ளிப் போகாமல் அதே மண்ணில் போட்டுவிடுவார்கள். மழையில் மண் கரையாமல் காப்பதும் அதுதான், உரமாவதும் அதுதான். இப்படிப் பார்த்துக்கொண்டதால்தான் ஒரு தலைமுறைக்கும் மேற்பட்ட மனிதர்கள் வந்து போன பிறகும் பழைய செடிகள் கொழுந்து விட்டுக்கொண்டிருக்கின்றன.

அதே பாடம், நம் வாசலில்

பெரியவர் சொன்னது வீட்டுப் புல்லுக்கும் பொருந்தும். புல் தன் உணவை இலையில்தான் தயாரிக்கிறது. ஒரே வெட்டில் அதன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது புல்வெளி பராமரிப்பவர்களின் அடிப்படை விதி. “அடுத்த மாசம் வர வேண்டாம், நல்லா ஒட்ட வெட்டிடுங்க” என்று நாம் சொல்வது சிக்கனம் போலத் தெரியும். ஒட்ட வெட்டினால் மண் தெரியும், வெயில் மண்ணைச் சுடும், புல் இளைத்த இடத்தில் களை புகும். பிறகு புதுப் புல் பதிக்கச் செலவு. நம் தாமான்களில் அதிகம் இருக்கும் அகல இலைக் கௌ கிராஸுக்கு நாலு விரல்கடை உயரம் இருந்தாலே போதும், தானே களையை அடக்கும்.

சரி, பணக் கணக்குக்கு வருவோம். எங்கள் வரிசை வீடுகளில் ஒரு தடவை வெட்ட 50 ரிங்கிட் வாங்குகிறார்கள். மாதம் இரண்டு தடவை என்றால் ஆண்டுக்கு 24 தடவை, 1,200 ரிங்கிட். தோளில் மாட்டும் மெஷின் ஒன்றைச் சில நூறு ரிங்கிட்டுக்கு வாங்கிவிடலாம். போட்ட பணம் முதல் வருடத்திலேயே திரும்பிவிடும். ஆக, நாமே வெட்டுவதுதான் லாபம் என்று தோன்றும்.

இப்போது நேரத்தைச் சேருங்கள். வெட்ட 40 நிமிடம். வெட்டியதைக் கூட்டி அள்ளி, சாக்கடைக் கால்வாயில் விழுந்ததை எடுத்து, மெஷினைத் துடைத்து வைக்க இன்னொரு 40 நிமிடம். இந்த இரண்டாவது 40 நிமிடத்தைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வருடத்துக்கு 32 மணி நேரம் ஆகிறது. 1,200 ரிங்கிட்டை 32 மணியால் வகுத்தால் மணிக்கு 37 ரிங்கிட் 50 சென். மெஷின், பெட்ரோல், நைலான் கயிறு செலவு போக இன்னும் குறையும். உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் காலை ஒரு மணி நேரத்துக்கு அந்த விலை சரியா என்பது வீட்டுக்கு வீடு மாறும். பிள்ளை சின்னதாக இருக்கும் வீட்டுக்கு ஒரு பதில், ஓய்வு பெற்று உடம்பை அசைக்க வழி தேடுபவருக்கு வேறு பதில்.

கணக்கின் மறுபக்கத்தையும் பாருங்கள். நம்மிடம் வாங்கும் 50 ரிங்கிட் ஒருவர் பைக்குள் முழுசாகப் போவதில்லை. இரண்டு பேர், ஒரு லோரி, பெட்ரோல், கத்தி, கயிறு, அள்ளிய புல்லைக் கொண்டுபோய்க் கொட்டும் செலவு எல்லாம் அதற்குள். மழை பிடித்தால் அன்றைக்கு வருமானமே இல்லை. நம் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025-ஆம் ஆண்டிலிருந்து மாதம் 1,700 ரிங்கிட். 26 வேலை நாளால் வகுத்தால் நாளுக்கு 65 ரிங்கிட் சில்லறை. “முப்பதுக்கு வெட்டுவீங்களா?” என்று கேட் ஓரத்தில் நின்று கேட்கும் முன், இந்த எண்ணை ஒருமுறை மனதில் ஓடவிடலாம்.

பணத்தை விடப் பெரிய விஷயம் உடம்பு. சுழலும் நைலான் கயிற்றால் புல் வெட்டும் யோசனை, 1971-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஜார்ஜ் பல்லாஸ் என்பவருக்குக் கார் கழுவும் நிலையத்தின் சுழல் தூரிகைகளைப் பார்த்து வந்தது. கார் பெயிண்டைக் கெடுக்காமல் அழுக்கை எடுக்கிறதே, மரத்தைக் கெடுக்காமல் புல்லை எடுக்காதா என்று யோசித்தார். ஆனால் அந்தக் கயிறு ஒரு சிறு கல்லைத் தட்டிவிட்டால் அது கண்ணுக்கோ பக்கத்து வீட்டுக் கார் கண்ணாடிக்கோ பாயும். பெட்ரோல் மெஷினின் சத்தம் காதுக்குப் பக்கத்தில் 90 டெசிபலைத் தாண்டும். வேலையிடத்தில் எட்டு மணி நேரத்துக்கு நம் நாட்டுச் சட்டம் வைத்திருக்கும் எல்லை 85. வருடக்கணக்காக அதிரும் மெஷினைப் பிடித்தவர்களுக்கு விரல் மரத்துப்போகும், குளிரில் வெளுத்துப்போகும். மாதம் இரண்டு தடவை வெட்டும் நமக்கு வராத நோய், தினமும் வெட்டுபவருக்கு வரும்.

மூன்றாவது வழி

“நானும் வெட்ட மாட்டேன், ஆளும் வேண்டாம், மருந்து அடித்தால் தீர்ந்தது” என்று சிலர் கடையில் களைக்கொல்லி வாங்கிவருகிறார்கள். இந்த மூன்றாவது வழியின் கதை நம் தோட்டங்களில் எழுதப்பட்டிருக்கிறது.

ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் புல் வெட்டும் வேலை காலப்போக்கில் மருந்தடிக்கும் வேலையாக மாறியது. முதுகில் தொட்டியைச் சுமந்து வரிசை வரிசையாக அடித்துப் போனவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அவர்களில் நம் வீட்டுப் பெண்கள் ஏராளம். பாராகுவாட் என்ற களைக்கொல்லி அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த பெயர். நகம் கழன்றது, தோல் வெந்தது, மூக்கில் ரத்தம் வந்தது. ஐரின் பெர்னாண்டஸின் தெனாகனித்தா அமைப்பு இந்தப் பெண்களின் நிலையை ஆய்ந்து 2002-இல் வெளியிட்டது. அதே ஆண்டில் அரசு பாராகுவாட்டுக்குத் தடை அறிவித்தது. 2006-இல் தடை தளர்ந்தது. 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்துதான் முழுத் தடை நடப்புக்கு வந்தது.

கடையில் இன்று கிடைப்பது வேறு மருந்துகள்தான். என்றாலும், பிள்ளைகள் செருப்பில்லாமல் ஓடும் நாலு சதுர மீட்டர் புல்லுக்கு மருந்து எதற்கு? களையைக் கையால் பிடுங்குவது அரை மணி நேர வேலை. பிள்ளைகளையும் கூட உட்கார வையுங்கள், பேச்சும் வேலையும் சேர்ந்து நடக்கும்.

புல் யாருடையது?

மலையிலிருந்து இறங்கும்போது மனதில் ஓடியது வேறொரு கேள்வி. நானா, ஆளா என்று கேட்க வேண்டுமென்றால் முதலில் புல் நம்முடையதாக இருக்க வேண்டும். தோட்டத்தில் நம் தாத்தா பாட்டிகள் வெட்டிய புல் எதுவும் அவர்களுடையது இல்லை. குடியிருந்த லயன் வீடும் அவர்களுடையது இல்லை. வேலை போனால் வீடும் போகும்.

1950-களின் கடைசியில் தோட்டத் துண்டாடல் நடந்தபோது இது பட்டவர்த்தனமானது. பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றார்கள், மூன்று தலைமுறை உழைத்தவர்கள் சட்டி பானையோடு தெருவுக்கு வந்தார்கள். அப்போதுதான் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் 10 வெள்ளி கட்டச் சொல்லித் தொழிலாளர்களைச் சேர்த்தார்கள். பால்மரம் சீவியவர்களின் அந்தப் பத்து வெள்ளிகள் சேர்ந்து தோட்டங்களையே வாங்கின. கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் அப்படி முதலில் வந்தது. கூலிக்கு உழைத்தவர்களே அந்த மண்ணில் பங்குதாரர்களானார்கள்.

இலங்கையைப் பாருங்கள். அங்கே இன்று விளையும் தேயிலையில் பெரும்பகுதி பெரிய கம்பெனித் தோட்டங்களில் விளைவதில்லை, சிறு தோட்டக்காரர்களின் சொந்த நிலத்தில் விளைகிறது. மலையகத்திலும் சில கம்பெனிகள் குடும்பத்துக்கு இத்தனை செடி என்று பிரித்துக் கொடுத்து, பராமரித்து, கொழுந்தை எங்களுக்கே விற்றுக்கொள்ளுங்கள் என்ற முறையை நடத்திப் பார்க்கின்றன. செடியைத் தன்னுடையதுபோல் பார்த்துக்கொண்டால் விளைச்சல் கூடும் என்பது அவர்கள் வாதம். நிலம் யார் பெயரில் என்பது தொழிலாளர் தரப்புக் கேள்வி. தன் கையால் செய்வதற்கும், தனக்காகச் செய்வதற்கும் நடுவில் அந்த ஒரு பத்திரம் நிற்கிறது.

நம்மில் பலருக்கு அந்தப் பத்திரம் கிடைத்துவிட்டது. கிள்ளானிலோ ஷா ஆலாமிலோ ஒரு வரிசை வீடு, வாசலில் கார் நிறுத்தியது போக ஒரு பாய் அகலத்துக்குப் புல். குடும்பத்தில் முதன்முதலாகப் புல்லுக்குச் சொந்தக்காரர்களான தலைமுறை நாம். முதன்முதலாகப் புல் வெட்ட ஆள் வைக்கும் தலைமுறையும் நாம்தான். அந்த ஆள் வங்காளதேசத்திலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ வந்தவராக இருக்கலாம். அவர் பேத்தி ஒரு நாள் எந்த ஊர் வானொலியில் பேசுவாளோ, யாருக்குத் தெரியும்?

அப்படியானால், நானா? ஆளா?

இடம் சமமாக, சின்னதாக இருந்து, உங்கள் முதுகும் முட்டியும் ஒத்துழைத்தால் நீங்களே வெட்டுங்கள். சின்ன இடத்துக்கு மின்கல மெஷின் போதும், சத்தமும் புகையும் குறைவு. மூடிய காலணி, நீளக் காற்சட்டை, கண்ணாடி கட்டாயம். முதலில் கல்லையும் பிள்ளைகளின் பொம்மையையும் பொறுக்குங்கள். ஈரப் புல்லை வெட்டாதீர்கள். பொடியாக வெட்டியதைக் கொஞ்சம் அங்கேயே விட்டால் உரமாகும். கால்வாயில் மட்டும் விடாதீர்கள். அடைத்து நிற்கும் தண்ணீரில் கொசு வரும், டெங்கி வரும்.

இடம் சரிவாகவோ பெரிதாகவோ இருந்தால், அல்லது நேரமே இல்லையென்றால், ஆள் வையுங்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, அது ஒருவருக்கு வேலை. எவ்வளவு உயரம் விட்டு வெட்ட வேண்டும், அள்ளிக்கொண்டு போவது கூலியில் சேர்த்தியா என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பேசிய காசை அன்றே கொடுங்கள். ஒரே ஆளைத் தொடர்ந்து வைத்தால் உங்கள் வீட்டுப் புல்லை அவர் புரிந்துகொள்வார்.

ஆனால் ஆள் வைக்கும் வீட்டிலும் வருடத்துக்கு ஒருமுறையாவது நீங்களே வெட்டிப் பாருங்கள், பிள்ளைகளைக் குப்பை அள்ள வையுங்கள். அதற்குப் பிறகு அடுத்த முறை வாசலில் லோரி வந்து நிற்கும்போது பேரம் பேச நாக்கு எழாது. அடுத்த பள்ளி விடுமுறையில் கேமரன் மலையில் பிள்ளைகள் “எவ்வளவு அழகு!” என்று சொன்னால், “இதை யார் வெட்டுறாங்க தெரியுமா?” என்று நீங்கள் கேட்கலாம். பதில் சொல்ல அவர்களுக்கும் கொஞ்சம் தெரிந்திருக்கும்.